ஒரே வீட்டில் போட வேண்டிய சண்டை

"சண்டை போடலாம் சார், தாராளமாப் போடலாம். ஆனா ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருந்துக்கிட்டுப் போடணும்," என்றார் குடியேற்ற ஆலோசகர்.

லிஃப்ட் மெக்கானிக், பாதி கட்டிய அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில், லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்து கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டிருந்தான்.

"கொஞ்சம் விளக்கமாச் சொல்லுங்க சார்."

"உங்ககிட்ட இருக்கறது நிரந்தரமாக் குடியிருக்கற கார்டு. இந்த நாட்டுல இத்தனை நாள் இருந்தாத்தான் அது செல்லும். ஆனா வேலைன்னு நீங்க வெளிநாட்டுல உட்கார்ந்திருக்கீங்க. வெளிநாட்டுல இருக்கற நாள் கார்டுக்குச் சேராது. ஆனா உங்க மனைவி இந்த நாட்டுக் குடிமகள்னு சொன்னீங்க இல்லையா?"

"ஆமா சார். அதைச் சொல்லித்தான் எனக்குப் பொண்ணே குடுத்தாங்க."

"அப்ப நல்லது. குடிமகளோட சேர்ந்து வெளிநாட்டுல இருந்தா, அந்த நாளெல்லாம் இங்க இருந்த மாதிரிதான். அவங்க உங்களோடதானே இருக்காங்க?"

"இருக்கா."

"எப்பவுமே?"

மெக்கானிக் இரும்புக் கயிற்றைப் பார்த்தான். "நடுநடுவுல அவங்க அம்மா வீட்டுக்குப் போவா."

"அம்மா வீடு எங்க?"

"அங்கதான். உங்க ஊருலதான்."

"எதுக்குப் போவாங்க?"

"கோவிச்சுக்கிட்டு."

மறுமுனையில் தட்டச்சு ஓசை நின்றது. "அடிக்கடி கோவிச்சுக்குவாங்களோ?"

"கொஞ்சம் முன்கோபம் சார்."

"முன்கோபத்துக்குச் சட்டத்துல இடம் இல்லை. அவங்க அம்மா வீட்டுல இருந்த நாளெல்லாம் உங்க கணக்குல கழிஞ்சு போச்சு. இனிமே விடறதுக்குக் கையில நாள் இல்லை. இன்னொரு தடவை அவங்க கோவிச்சுக்கிட்டுக் கிளம்பினா, கார்டை மறந்துடுங்க."

மற்றவர்களுக்கு மனைவி கோபித்துக்கொண்டு போனால் இரண்டு வேளைச் சாப்பாடு போகும். மெக்கானிக்குக் கார்டு போகும்.

வேலை ஒப்பந்தம் முடிய இன்னும் சில மாதங்களே இருந்தன. அது முடிந்ததும் மனைவி தன் ஊருக்குத் திரும்புவாள். கார்டு இல்லையென்றால் அவன் விமான நிலையத்தில் கை காட்டிவிட்டு நிற்க வேண்டியதுதான்.

விஷயத்தை மனைவியிடம் சொல்லிவிடலாம். சொன்னால் அவள் ஒன்று கேட்பாள்: "அப்ப கார்டுக்காகத்தான் என்கூட இருக்கீங்களா?" அந்தக் கேள்விக்கு எப்படி 'இல்லை' என்று சொன்னாலும் பொய் மாதிரியே கேட்கும். சொல்லாமலே சமாளிப்பது என்று முடிவு செய்து கீழே இறங்கினான்.

வீட்டுக்குள் நுழைந்தபோது கட்டில்மேல் பெட்டி திறந்து கிடந்தது.

"என்ன ஆச்சு?"

"ஈரத்துண்டை நாற்காலிமேல போட்டுட்டுப் போயிருக்கீங்க," என்றாள் மனைவி, ஒரு சட்டையை மடித்தபடி. "எத்தனை தடவை சொல்றது? இந்த வீட்டுல என் பேச்சுக்கு மரியாதையே இல்லை. நான் எங்க அம்மா வீட்டுக்குப் போறேன்."

வழக்கமாக இந்த இடத்தில் அவன், "ஒரு துண்டுக்கா?" என்பான். "துண்டு மட்டுமா? அன்னிக்கு..." என்று அவள் தொடங்குவாள். அரை மணி நேரத்தில் டாக்ஸி வாசலுக்கு வந்துவிடும்.

"தப்பு என்னோடதுதான்," என்றான் மெக்கானிக்.

சட்டை பாதி மடிப்பில் நின்றது. "என்னது?"

"முழுக்க என் தப்பு. இனிமே துண்டே எடுக்க மாட்டேன். உடம்புலயே காயட்டும்."

"கிண்டலா?"

"சத்தியமா இல்லை."

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "சரி, துண்டை விடுங்க. போன வாரம் எங்க அம்மாவை வாயாடின்னு சொன்னீங்களே?"

"அதுவும் தப்பு. நல்லாப் பேசுவாங்கன்னு சொல்லியிருக்கணும்."

"எங்க அப்பாவை உம்மணாமூஞ்சின்னு சொன்னீங்க."

"அவர் ஞானி."

மனைவி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. கடைசிப் பேருந்தைத் தவறவிட்டவள் முகம்தான் இருந்தது.

அவள் பள்ளிப் பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்துபவள். கணினி இருந்தால் போதும், எங்கிருந்தும் வேலை பார்ப்பாள். நாள் முழுக்கப் பிழை தேடும் கண், வேலை முடிந்த பிறகும் அவன்மேல் தேடிக்கொண்டிருந்தது என்று அவன் நினைத்திருந்தான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவளுடைய கோபம் மிகவும் ஒழுங்கானது. விமானக் கட்டணம் குறைவாக இருக்கும் வாரங்களில்தான் அவளுக்குக் கோபம் வரும். கொதித்துக்கொண்டு கிளம்புகிறவள் ஒரு வாரத்துக்குச் சமைத்து, டப்பாக்களில் கிழமை எழுதி, குளிர்பெட்டியில் அடுக்கிவிட்டுத்தான் போவாள். கோபத்திலும் என்ன பொறுப்பு என்று அவன் பலமுறை வியந்திருக்கிறான்.

கடவுச்சீட்டு, காகிதங்கள் எல்லாம் அவள் வசம். தன்னுடையதற்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்து வைத்திருந்தாள். அவன் கை நீட்டினாலே, "கிரீஸ் கையோட தொடாதீங்க" என்று பிடுங்கிக்கொள்வாள்.

அடுத்த நாளிலிருந்து மெக்கானிக் புது மனிதன் ஆனான். துண்டு கொடியில் நான்காக மடித்துத் தொங்கியது. பற்பசை மூடி இறுக்கமாகத் திருகியிருந்தது. செருப்புகள் சுவரோடு ஒட்டி, ஒன்றையொன்று இடிக்காமல் நின்றன. குழந்தைபோல் கிறீச்சிட்ட குளியலறைக் கதவுக்கு எண்ணெய் விட்டான்.

மனைவி வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"குழம்புல உப்பு அதிகமா இருக்கா?"

"அளவா இருக்கு."

"நான் போடவே இல்லை."

"அதான் அளவா இருக்கு. உப்பு உடம்புக்குக் கெடுதல்."

"இந்தச் சட்டையில நான் குண்டாத் தெரியறேனா?"

எந்தப் பக்கம் கால் வைத்தாலும் வெடிக்கிற கேள்வி. "சட்டை ஒல்லியாத் தெரியுது," என்றான்.

"அப்படின்னா?"

"நீ எது சொல்றியோ அது."

அவள் கண்ணில் நீர் தளும்பியது. "உங்களுக்கு என்ன ஆச்சுங்க? மனுஷனா இருந்தா ஒரு தடவையாவது எதிர்த்துப் பேச மாட்டாங்களா?"

"எதிர்த்துப் பேசணும்னா பேசறேன்மா. நீயே சொல்லு, எதுல பேசட்டும்?"

அவள் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே தாழ்ந்த குரலில் அம்மாவிடம் தொலைபேசியில் பேசுவது கேட்டது. "ஒண்ணுமே நடக்கலைம்மா. எதைப் போட்டாலும் வாங்கிக்கறாரு. சுவத்துல பந்து எறிஞ்சா அதாவது திரும்பி வரும்."

மறுநாள் காலை பற்பசை மூடி திறந்து கிடந்தது. தான் மூடியது நன்றாக நினைவிருந்தது. மறுபடி மூடினான். குளித்துவிட்டு வந்து பார்த்தால் மறுபடி திறந்திருந்தது. மூடியின் திருகு மரை தேய்ந்திருக்கும் என்று நினைத்து, புதுப் பற்பசை வாங்கி வந்தான். மனைவி அந்தப் புதுப் பற்பசையைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள்.

அவனோடு வேலை பார்க்கும் மூத்த மெக்கானிக்குப் பெயர் ஸ்பானர் அண்ணன். அவர் பேசும்போதெல்லாம் ஸ்பானரால் காற்றில் கோடு போட்டுக்கொண்டே பேசுவார். கதையைக் கேட்டுவிட்டு அவர் முதலில் சொன்ன யோசனை எளிமையானது.

"பெட்டியை ஒளிச்சு வெச்சிடு தம்பி. பெட்டி இல்லாம எந்தப் பொம்பளை கோவிச்சுக்கிட்டுப் போவா?"

மெக்கானிக் பெட்டியை, தான் குடியிருந்த அடுக்குமாடியின் மொட்டைமாடியில் இருந்த லிஃப்ட் இயந்திர அறைக்குள் கொண்டுபோய் வைத்தான். அந்தக் கட்டடத்து லிஃப்டையும் அவர்கள் கம்பெனிதான் பார்த்துக்கொண்டது. சாவி அவனிடம் இருந்தது.

அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது மனைவி இடுப்பில் கை வைத்து நின்றாள். முகம் நிலா மாதிரி மலர்ந்திருந்தது.

"என் பெட்டி எங்க?"

"அது..."

"ஒளிச்சு வெச்சிருக்கீங்க! என்னை இந்த வீட்டுல அடைச்சு வைக்கப் பார்க்கறீங்க! இது போதும்ங்க. இதுக்கு மேல ஒரு காரணம் வேணுமா? டிக்கெட்டும் இன்னிக்குச் சல்லிசா இருக்கு!"

பெட்டியை ஒளித்ததே பெட்டி கட்டுவதற்குக் காரணமாகிவிட்டது. ஆனால் தொழில்காரன் மூளை தக்க நேரத்தில் வேலை செய்தது.

"சக்கரத்துக்கு கிரீஸ் போடத்தான் எடுத்துட்டுப் போனேன்மா. போன தடவை இழுக்கும்போது உனக்குக் கை வலிச்சுதுன்னு சொன்னியே."

மாடிக்கு ஓடிப்போய் பெட்டியைக் கொண்டுவந்தான். வழியிலேயே உண்மையாகவே கிரீஸும் போட்டுவிட்டான். ஒரு விரலால் தள்ளியதும் பெட்டி கூடத்தைக் கடந்து ஓடி எதிர்ச் சுவரில் முட்டி நின்றது.

மனைவியின் முகத்தில் நிலா மறைந்தது. "நல்லா ஓடுதுங்க," என்றாள் அழாக்குறையாக.

"பெட்டி வேலைக்காகாது," என்றார் ஸ்பானர் அண்ணன் அடுத்த நாள். "வேரைப் பிடி. அவ எங்க போறா?"

"அம்மா வீட்டுக்கு."

"அம்மாவே இங்க வந்துட்டா?"

மெக்கானிக் கையில் இருந்த திருகாணியைக் கீழே போட்டான். அது லிஃப்ட் குழிக்குள் விழுந்து மாடி மாடியாக ஒலித்துக்கொண்டே போனது.

"அண்ணே! ஆனா என்ன சொல்லிக் கூப்பிடறது?"

"பொண்ணுக்கு உங்களைப் பார்க்கணும்னு ஏக்கம்னு சொல்லு. ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்றாங்க. அதைக் காப்பாத்த ஆயிரத்தொண்ணு சொன்னா ஆகாதா?"

கல்யாணப் பேச்சு நடந்த நாள் மெக்கானிக்கு நன்றாக நினைவிருந்தது. மாமியார்தான் பேசினார். "எங்க பொண்ணு அந்த நாட்டுக் குடிமகளாக்கும்!" என்று அவர் சொன்னபோது மாமனார் தொண்டையைச் செருமினார். உடனே மாமியார் கைப்பையிலிருந்து ஒரு தொண்டை மிட்டாயை எடுத்து அவர் வாயில் போட்டுவிட்டார். "இவருக்குத் தொண்டை சரியில்லை. இவர் பேசினாக் காரியம் கெட்டுடும்," என்றார். கல்யாணமாகி இத்தனை நாளில் மாமனாரின் குரலை மெக்கானிக் கேட்டதே இல்லை. தொலைபேசியில்கூடச் செருமல் மட்டும்தான் கேட்கும். அடுத்து மிட்டாய்த்தாள் பிரிகிற ஓசை வரும்.

அவன் டிக்கெட் எடுத்து அனுப்பினான். மாமியாரும் மாமனாரும் வந்து இறங்கினார்கள்.

கதவைத் திறந்த மனைவி, பிழை இல்லாத பக்கத்தைப் பார்த்தவள்போல விழித்தாள். "அம்மா! நீ எதுக்கு இங்க வந்தே?"

"நீ ஏங்கறேன்னு மாப்பிள்ளை சொன்னாரே."

"நீ இங்க வந்துட்டா நான் எங்கம்மா போறது?"

"அதானே!" என்று மாமியார் நெற்றியில் அடித்துக்கொண்டார். "எனக்குத் தோணவே இல்லையே!"

தாயும் மகளும் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கூடத்தில் மெக்கானிக்கும் மாமனாரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். மாமனார் அவனை இரக்கத்தோடு பார்த்தார். தொண்டையைச் செருமினார். வாயைத் திறந்தார்.

சமையலறைக் கதவு திறந்து ஒரு கை நீண்டது. மிட்டாய் வாய்க்குள் விழுந்தது. கதவு மறுபடி மூடியது.

மாமியார் வந்தால் சண்டை ஓயும் என்று அவன் போட்ட கணக்கு அன்று இரவே பொய்த்தது. மாமியார் அவனோடு சண்டை போடவென்றே சீட்டுப் பிடித்து வந்தவர்போல ஆரம்பித்தார்.

"மாப்பிள்ளை, எங்க பொண்ணு இளைச்சுப் போயிட்டா. நீங்க என்னதான் பார்த்துக்கறீங்க?"

"என் கவனக்குறைவுதான் அத்தை."

"இப்படி ஒத்துக்கிட்டா எப்படி? ரோஷம் வேண்டாமா உங்களுக்கு?"

"வேண்டாம் அத்தை."

"உங்க குடும்பத்துல யாருக்குமே ரோஷம் கிடையாதோ?"

"பரம்பரையாவே இல்லை அத்தை."

மாமியார் மகளைத் திரும்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இது தேறாதுடி."

ஒரு வாரம் போனது. மனைவிக்குத் தூக்கம் குறைந்தது. சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்ப்பாள், பெருமூச்சு விடுவாள். மெக்கானிக்கும் அதே நாட்காட்டியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். ஒரே இடத்தில் இருவரும் முட்டிக்கொண்டால், "நல்ல படம் போட்டிருக்காங்க," என்று சொல்லிவிட்டு விலகினார்கள். அந்த நாட்காட்டியில் படமே கிடையாது.

சனிக்கிழமை காலை அது நடந்தது. மெக்கானிக் காலைப் பலகாரத்தை முடித்து, தட்டைக் கழுவி, துடைத்து, அடுக்கில் வைத்தான்.

"தட்டை ஏன் கழுவினீங்க?" என்றாள் மனைவி.

"சாப்பிட்டேன், அதனால..."

"அப்ப நான் கழுவினாச் சுத்தமா இருக்காதுன்னு சொல்றீங்க!"

"ஐயோ, இல்லைம்மா."

"இல்லைன்னு எதிர்த்துப் பேசிட்டீங்க! அம்மா, கேட்டியா? எதிர்த்துப் பேசிட்டாரு!"

"கேட்டேன்டி, கேட்டேன்!" என்று மாமியார் குளியலறையிலிருந்து குதூகலமாகக் கத்தினார்.

"இனிமே ஒரு நிமிஷம் இங்க இருக்க மாட்டேன். நான் எங்க அம்மா வீட்டுக்குப் போறேன்!"

"உங்க அம்மாதான் இங்க இருக்காங்களே!"

"அம்மா இல்லாட்டி என்ன? வீடு அங்கதானே இருக்கு!"

கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டி வந்தது. அது ஏற்கெனவே கட்டித் தயாராக இருந்தது. குளிர்பெட்டியில் கிழமை எழுதிய டப்பாக்கள் ஏழும் வரிசையாக நின்றன. டாக்ஸி கீழே வந்து ஹாரன் அடித்தது. எல்லாம் எப்போது நடந்தது என்று அவனுக்குப் புரியவில்லை.

"அப்பா, வாங்க, விமான நிலையம் வரைக்கும் துணைக்கு வாங்க," என்றாள். மாமனார் எழுந்தார். கிரீஸ் போட்ட பெட்டி தானாகவே வாசலுக்கு ஓடியது.

"இருடி, நானும் வர்றேன்! என் செருப்பு எங்க?" என்று மாமியார் ஈரக்காலோடு ஓடி வந்தார். மெக்கானிக் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்ததால் செருப்பு எது யாருடையது என்று தெரியவில்லை.

அதற்குள் மனைவியும் மாமனாரும் பெட்டியும் லிஃப்டுக்குள் போய்விட்டார்கள். கதவு மூடியது. லிஃப்ட் இறங்கத் தொடங்கியது.

மெக்கானிக்கின் கார்டும் அதோடு சேர்ந்து இறங்கியது.

அவன் யோசிக்கவில்லை. இடுப்பில் தொங்கிய முக்கோணச் சாவியை எடுத்தான். அந்த மாடியின் லிஃப்ட் கதவு மூலையில் இருந்த துளையில் செருகித் திருப்பி, கதவை ஒரு சாண் திறந்தான். எந்த மாடியில் கதவு திறந்தாலும் லிஃப்ட் நின்றுவிடும். அது பாதுகாப்புக்கு வைத்த ஏற்பாடு. அவனுடைய பாதுகாப்புக்கும் அதை விட்டால் வேறு வழியில்லை.

கீழே லிஃப்ட் 'டக்'கென்று நின்றது.

"ஏங்க! லிஃப்ட் நின்னுடுச்சு!" என்று மனைவியின் குரல் குழிக்குள்ளிருந்து வந்தது.

"நான்தான் நிறுத்தினேன்!"

"என்னது? விமானத்துக்கு நேரமாச்சு! விடுங்க!"

"விட மாட்டேன். நீ போனா என் கார்டு போயிடும்!"

மெக்கானிக் கதவிடுக்கில் வாயை வைத்து எல்லாவற்றையும் கொட்டினான். "நான் வெளிநாட்டுல இருக்கற நாள் கார்டுக்குச் சேரணும்னா குடிமகளான நீ என் பக்கத்துல இருக்கணுமாம். நீ கோவிச்சுக்கிட்டுப் போற ஒவ்வொரு நாளும் எனக்கு நஷ்டம். இன்னும் ஒரு தடவை நீ போனா அவ்வளவுதான், நான் உன்கூட அந்த ஊருக்கே வர முடியாது."

"அதுக்காகத்தான் துண்டை மடிச்சு வெச்சீங்களா?"

"ஆமா."

"உப்பில்லாத குழம்பைச் சாப்பிட்டீங்களா?"

"ஆமா. ஆனா நீ நினைக்கற மாதிரி இல்லைம்மா. கார்டுக்காக நான் உன்கூட இல்லை. உன்கூட இருக்கறதுக்குத்தான் எனக்குக் கார்டு வேணும்."

கீழே யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். "ஐயோ," என்றாள் மனைவி சன்னமாக. "ஐயோ, கடவுளே."

அப்போது குழிக்குள் ஒரு செருமல் கேட்டது.

மாமியார் கையிலிருந்த இரண்டு செருப்பையும் கீழே போட்டுவிட்டுக் கதவிடுக்குக்குப் பாய்ந்தார். "ஏங்க! நீங்க பேசாதீங்க! மிட்டாயை வாயில போடுங்க!"

"மிட்டாய் மேல உன் பையிலதான் இருக்கு," என்றது ஒரு கணீர்க் குரல். எவ்வளவு அருமையான குரல் என்று மெக்கானிக் வியந்து நிற்கும்போதே அது மறுபடி ஒலித்தது.

"கதவை மூடி லிஃப்டை விடுங்க மாப்பிள்ளை, விமானம் போயிடும். எங்க பொண்ணும் உங்களை மாதிரி வெறும் கார்டுதான். அந்த ஊருல நாள் சேர்க்கத்தான், பாவம், அப்பப்ப உங்களோட சண்டை போட்டுட்டு ஓடி வர்றா!"